மேல்வரிச் சட்டமும் தாமரைப் பொய்கையும்

பழந்தமிழில் ஓவியம் எழுதப்படுவது. சுவரில் உரு எழுதுவதற்கும் ஓலையிற் சொல் எழுதுவதற்கும் முன்னோர் ஒரே வினையை ஆண்டனர். பரிபாடல் காட்டும் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தின் பெயரே எழுத்துநிலை மண்டபம் என்பது. குன்றேறி வந்தோர் அங்கிருந்த உருவங்களைச் சுட்டி ‘இவன் யார், இவள் யார்’ என வினவியதும், அறிந்தோர் அகலிகை கதையை விளக்கியதும் அந்நூலுட் காணப்படுகின்றன. எழுதியதைப் படிப்பதுபோல் எழுதிய உருவையும் மக்கள் படித்தனர்.

வினை ஒன்றாயின் கற்கும் வழியும் ஒன்றாகத்தானே இருக்கும்? திண்ணைப் பள்ளியிற் சேர்ந்த சிறுவன் முதலில் மணலில் விரலால் எழுதினான். ஓலைக்கு வந்தபின் ஆசிரியர் தம் கையால் முதல் வரியை எழுதிக் கொடுத்தார். மேல்வரிச் சட்டம் என்பது அதன் பெயர். அதன்கீழ் அவ்வரியையே சிறுவன் பன்முறை எழுதினான். “உனக்கு விருப்பமான வடிவில் ஓர் அகரம் படைத்துக்கொள்” என்று எந்த ஆசிரியரும் எந்நாளும் சொன்னதில்லை. அவ்வாறு கற்ற நூறு சிறுவரும் வளர்ந்தபின் நூறு வகைக் கையெழுத்தே எழுதினர். மேல்வரியைப் பார்த்து எழுதியதனால் ஒருவனுடைய கை மற்றொருவனுடைய கை ஆகிவிடவில்லை.

ஓவியத்தில் மட்டும் இவ்வழி இழிவென்று இக்காலத்தார் கருதுகின்றனர். பார்த்து வரைவது திருட்டு, பார்க்காமல் வரைவதே படைப்பு என்பது கல்வியாளர் பலர் மேடைதோறும் முழங்கும் கொள்கை. ஓவிய வகுப்பில் மாணவனிடம் வெற்றுத்தாள் ஒன்றைக் கொடுத்து, “உன் உள்ளத்தில் தோன்றுவதை வரைக” என்கின்றனர். அவன் என்ன வரைகின்றான்? முக்கோணமாக இரண்டு மலை. இரண்டிற்கும் நடுவே பாதி ஞாயிறு. மலையடியிலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு. ஆற்றங்கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. வானத்தில் நான்கைந்து பறவைக் கோடுகள். குமரி முதல் திருத்தணி வரை எந்தப் பள்ளிக்குச் சென்றாலும் இப்படத்தைக் காணலாம். மலையே காணாத காவிரிப் படுகைச் சிறுவனும் இதையே வரைகின்றான். கடலன்றி வேறறியாத நெய்தல் நிலச் சிறுவனும் இதையே வரைகின்றான். பார்த்து வரையாதே என்று தடுத்த பின்னரும் அவன் பார்த்துத்தான் வரைந்திருக்கின்றான். யாரோ வரைந்த உயிரற்ற ஒன்று பக்கத்து மாணவன் வாயிலாக அவன் கைக்கு வந்து சேர்ந்தது. நல்ல மேல்வரியை விலக்கிய இடத்தில் தீய மேல்வரி தானே வந்து அமர்ந்துகொண்டது.

ஆகலின் பார்த்து வரையலாமா கூடாதா என்பது வினாவே அன்று. எதைப் பார்த்து, எவ்வாறு வரைவது என்பதே வினா. தமிழகத்தைப் பொறுத்தவரை இவ்வினாவிற்கு மற்றொரு கூர்மையும் உண்டு. மணிமேகலையில் ஓவியச் செந்நூல் என ஒரு நூற்குறிப்பு வருகின்றது. ஆடல் மகளிர் கற்றுத் துறைபோக வேண்டிய கலைகளோடு அதுவும் சேர்த்து எண்ணப்படுகின்றது. தமிழர்க்கு ஓவிய இலக்கண நூல் இருந்ததென்பதற்கு அஃதொரு சான்று. அந்நூல் இன்று கிடைத்திலது. இலக்கண நூல் அழிந்துபட்டாலும் இலக்கியம் எஞ்சியிருப்பின் அதிலிருந்து இலக்கணத்தை மீட்கலாம் என்பது தமிழ் கற்றார் அறிந்த நெறி. ஓவியத்தில் எஞ்சிய இலக்கியம் சுவர்களிலும் விதானங்களிலும் உள்ளது. அதனைக் கண்ணால் மட்டும் படித்தல் இயலாது. கையாலும் படித்தல் வேண்டும். கையாற் படிப்பது என்பதன் பொருள் பார்த்து வரைவதேயன்றி வேறில்லை.

புதுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள சித்தன்னவாசல் அறிவர் கோயிலை எடுத்துக்கொள்க. அதே குன்றின் ஏழடிப்பட்டத்துக் குகையில் சமண முனிவர் கற்படுக்கையும் தமிழி எழுத்தும் உள்ளன. குன்றின் மறுபுறத்திற் குடைந்த கோயிலில், ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் திருப்பணி செய்தான் எனக் கல்வெட்டுக் கூறுகின்றது. அக்கோயில் முன்மண்டபத்து விதானத்தில் ஒரு தாமரைப் பொய்கை எழுதப்பட்டுள்ளது. அடியார் மலர் கொய்யும் பொய்கை அது எனச் சமண நூல் கற்றோர் விளக்குவர். இலையும் அரும்பும் மலரும் நெருங்கிய நீர்ப்பரப்பில் மீன்கள் திரிகின்றன; பறவைகள் உள்ளன; யானையும் எருமையும் இறங்கியுள்ளன. நடுவே மூன்று ஆடவர் நின்று மலர் பறிக்கின்றனர். இருவர் அருகருகே நிற்பர். மூன்றாமவன் சற்று விலகித் தனியே நிற்பான். தாமரைக் கொத்தைத் தோளிற் சாய்த்துக்கொண்டு நிற்கும் அவனது மேனி மற்றை இருவரின் செம்மையினின்றும் வேறாய், மஞ்சள் ஏறிய செந்நிறமாய்த் தோன்றும்.

இம்மூவருள் ஒருவனை மட்டும் ஒரு மாணவன் பார்த்து வரையட்டும். முதல்நாள் அவன் எண்ணுவான், இஃது எளிதென்று. நிழலில்லை, மயிரிழை மயிரிழையாக வேய்ந்த நுணுக்கமில்லை, மேனிக்கு ஒரு நிறம், அதைச் சுற்றி ஒரு கோடு, அவ்வளவே. வரையத் தொடங்கிய பின்னரே அக்கோட்டின் அருமை விளங்கும். தோளிலிருந்து இறங்கும் கோடு முழங்கை வரை ஒரே தடிப்பாய் இல்லை. சதை திரண்ட இடத்திற் பருத்து, மூட்டு நெருங்குமிடத்து மெலிந்து, மணிக்கட்டில் மீண்டும் இறுகுகின்றது. நிழலிட்டுக் காட்ட வேண்டிய திரட்சியை அக்கோடே காட்டிவிடுகின்றது. மாணவன் வரைந்த கோடோ கம்பி வளைத்தாற்போல் இருக்கும். இரண்டாம் முறை வரைவான்; கை பொருந்தும், கழுத்துத் தவறும். தலை சாய்ந்த அளவிற்கேற்ப எதிர்த்தோள் உயர்ந்திருப்பதை அவன் அதுவரை கண்டிலன். நோக்கிய நோக்கம் போதாதென்பதைக் கை சொன்ன பிறகே கண் திறக்கின்றது. மூன்றாம் முறையில், இடுப்பு ஏன் அப்படி ஒடிந்தது என்று கேட்கத் தொடங்குவான். நீருக்குள் கால் ஊன்றி நிற்பவன் ஒருபால் எட்டி மலர் பறித்தால் உடல் அவ்வாறுதான் ஒடியும். இஃது எந்த நூலிலும் இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன் அண்ணாந்து விதானத்தில் எழுதிய ஒருவன் அறிந்ததை இன்றைய மாணவன் கைவழியே அறிந்துகொள்கின்றான்.

பள்ளிகளில் வழங்கும் கட்டம் போடும் முறையைப் பற்றியும் ஈண்டு ஒன்று சொல்லவேண்டும். படத்தின்மீது சதுரக் கட்டமிட்டுத் தாளிலும் அவ்வாறே கட்டமிட்டுக் கட்டம் கட்டமாய் நிரப்புவது அம்முறை. சிறு படத்தைப் பெருஞ்சுவரில் ஏற்றுவதற்கு அது நன்று, கற்பதற்குத் தீது. மாணவன் கட்டத்தைப் பார்க்கின்றானேயன்றி ஆளைப் பார்ப்பதில்லை. படம் ஒத்திருக்கும், கை ஒன்றும் கற்றிராது. சீர் பிரித்து அலகிட மட்டும் தெரிந்தவன் பாட்டின் ஓசையை அறியாதிருப்பது போன்றதே இது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்றால் கோட்டின் பெருமை இன்னும் தெளிவாகும். கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்குக் கீழே சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எசு.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னர் அதனை ஆய்ந்த சென்னை அருங்காட்சியக வேதியல் அறிஞர் பரமசிவன், ஈரச் சுண்ணத்தின்மீதே அவை எழுதப்பட்டன என்றார். ஈரச் சுண்ணத்தில் எழுதுவோனுக்குத் திருத்தும் உரிமை இல்லை. சுண்ணம் உலர்வதற்குள் எழுதி முடித்தல் வேண்டும். இட்ட கோடு இட்டதே. அங்கே சுந்தரர் கதை எழுதப்பட்டுள்ளது. திருமணத்தைத் தடுத்த முதியவர் ஆவணத்தோடு திருவெண்ணெய்நல்லூர் அவையில் நிற்கின்றார். சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலை செல்கின்றனர். எத்துணை மாந்தர், எத்துணை முகங்கள்! ஒருவர் வியக்கின்றார், ஒருவர் ஐயுறுகின்றார். இவ்வளவையும் அழிப்பின்றி எழுதிய கைகள் “உள்ளத்தில் தோன்றியதை வரைக” என்ற ஏவலால் உருவானவையாக இருத்தல் இயலாது. பல்லாண்டு மேல்வரி பார்த்துப் பழகிய கைகள் அவை.

பார்த்து வரைபவன் அடிமையாகின்றான் என்பார்க்கு விடை வேற்று நாட்டிலும் உண்டு. புதுமைக்கே பெயர்போனவர் என உலகம் போற்றும் ஒல்லாந்து ஓவியர் வின்செண்டு வான்கோ இருபத்தேழாம் அகவையில், 1880இல், பெல்சிய நாட்டு நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் ஏழைமையில் இருந்தபோதுதான் ஓவியராவது என உறுதி கொண்டார். முதலிற் செய்தது என்ன? பிரெஞ்சு ஓவியர் மில்லே வரைந்த உழவர் வாழ்க்கைக் காட்சிகளின் அச்சுப்படிகளைத் தம்பியிடம் கேட்டுப் பெற்றுப் பார்த்து வரைந்தார். கதிர் அறுப்போர், கட்டுக் கட்டுவோர், கம்பளி நூற்போர் என அத்தொகுதியை முழுவதும் வரைந்தார். மில்லேயின் விதைப்போன் உருவத்தைப் பன்முறை வரைந்தார். கையை வீசி விதை தூவிக்கொண்டே நடக்கும் அவ்வுழவன் அவரைவிட்டு நீங்கவே இல்லை. எட்டாண்டுகட்குப் பின் 1888இல் ஆர்ல் நகரில் அதே உழவனைப் பெரிய மஞ்சள் ஞாயிற்றின் முன் நடக்கவிட்டு வான்கோ எழுதிய ஓவியத்தை மில்லே எழுதியதென்று மயங்குவார் யாருமிலர்.

பயிற்சி முடிந்ததும் அவர் பார்த்து வரைவதை விட்டுவிட்டாரா எனின், அதுவுமில்லை. 1889இலும் 1890இலும் மருத்துவமனையில் இருந்த காலத்து மில்லேயின் கருவெள்ளை அச்சுப்படிகளை முன்வைத்து ஏறத்தாழ இருபது ஓவியங்கள் வண்ணத்தில் எழுதினார். அதற்கு அவர் தம்பிக்குச் சொன்ன விளக்கம் தமிழார்வலர் ஒவ்வொருவரும் எண்ணத்தக்கது. கருமையும் வெண்மையுமாய்ச் சொல்லப்பட்டதை வண்ணம் என்னும் வேறொரு மொழியிற் பெயர்ப்பதே தாம் செய்வது என்பது அவர் கருத்து. பிறர் இயற்றிய இசையைத் தன் கருவியில் எழுப்பும் இசைஞனோடும் தம்மை ஒப்பிட்டார்.

பெயர்ப்புக்கும் கலப்புக்கும் உள்ள வேறுபாடு தமிழர்க்குப் புதிதன்று. வேற்றுமொழிக் கருத்தொன்றைக் கொண்டுவந்து தமிழ்ச் சொல்லாலும் தமிழ்த் தொடராலும் சொல்பவன் தமிழுக்கு ஆக்கம் செய்கின்றான். வேற்றுச் சொல்லை வேற்றுச் சொல்லாகவே கொண்டுவந்து நடுவிற் செருகுபவன் இரு மொழிக்கும் கேடு செய்கின்றான். ஓவியத்திலும் மணிப்பிரவாளம் உண்டு. 1894இல் இரவிவர்மர் அச்சகம் நிறுவியபின் அவருடைய நெய்வண்ண ஓவியங்கள் வண்ண அச்சாய் வீடுதோறும் புகுந்தன. அவர் கையின் திறத்தை மறுப்பது நேர்மையாகாது. ஐரோப்பியர் முறையை அவர் உழைத்துக் கற்றார். ஆயினும் அவருக்குப் பின்வந்த நாள்காட்டிப் படங்களில் நேர்ந்தது என்ன? ஐரோப்பிய மேடை நாடகத் திரைபோன்ற பின்புலம், பளபளக்கும் பட்டு, யாருடைய முகமும் அல்லாத ஒரு முகம். வள்ளியும் அம்முகம், கண்ணகியும் அம்முகம். இப்படங்களையே முன்வைத்து மூன்று தலைமுறைத் தமிழ்ச் சிறுவர் கட்டமிட்டு வரைந்து பழகினர். அவர்கள் கற்ற மேல்வரி அது. பார்த்து வரைந்தது அவர் குற்றமன்று. பார்க்கக் கொடுத்தவர் குற்றம்.

அசந்தா ஓவியங்களின் வரலாற்றையும் இங்கு நோக்கலாம். சென்னைப் படையைச் சேர்ந்த இராபர்ட்டு கில் என்பார் 1844 முதல் பல்லாண்டு அங்கிருந்து பேரளவிற் படியெடுத்தார். அவற்றுட் பெரும்பாலானவை 1866இல் இலண்டன் பளிங்கு மாளிகைத் தீயில் அழிந்தன. பின்னர் 1872 முதல் 1885 வரை பம்பாய் ஓவியக் கல்லூரியின் கிரிப்பித்து என்பார் தம் மாணவரோடு மீண்டும் படியெடுத்தார். அவற்றுட் பலவும் 1885இல் இலண்டன் அருங்காட்சியகத் தீக்கு இரையாயின. இருமுறை எழுதியும் இருமுறையும் தீ கொண்டது. மூன்றாவதாக, 1909க்கும் 1911க்கும் இடையில் எரிங்காம் அம்மையார் படியெடுக்க வந்தபோது கல்கத்தாவிலிருந்து நந்தலால் போசு, அசித்குமார் அல்தார் முதலிய இளைஞர் துணைக்குச் சென்றனர். அம்மையாருக்கு வேண்டியவை படிகள். அவ்விளைஞர்க்குக் கிடைத்ததோ கல்வி. இருண்ட குகையில் இளமைக் கை கற்ற கோட்டை நந்தலால் பின்னாளில் எங்கே பயன்படுத்தினார் எனின், 1938இல் அரிபுராவில் நடந்த பேராயக் கட்சி மாநாட்டுக்கு எழுதிய ஓவியத் தட்டிகளிற் பயன்படுத்தினார். பறை முழக்குவோன், உழுவோன், செருப்புத் தைப்போன் என உழைக்கும் மக்களையே அவற்றில் எழுதினார். அசந்தாவின் அரச மாந்தர் ஒருவரும் அவற்றில் இலர். அசந்தாவிற் கற்ற உயிர்ப்புள்ள கோடு இருக்கின்றது. வங்கத்தார் தம் கலைக்கு மேல்வரி தேடி நெடுந்தொலைவு சென்றனர். தமிழ்ச் சிறுவனுக்கோ பேருந்தில் அரைநாட் செலவில் சித்தன்னவாசலும் தஞ்சையும் உள்ளன.

இனியும் காலந் தாழ்த்தலாகாமைக்கு ஓர் ஏது உண்டு. அறிவர் கோயில் நெடுங்காலம் காப்பின்றிக் கிடந்தது. விதானத்தின் பெரும்பகுதி மங்கிவிட்டது. சில இடங்களிற் கோடு முற்றும் போய்விட்டது. தூண்களிலுள்ள ஆடல் மகளிர் உருவிலும் எஞ்சியது குறைவே. ஒளிப்படம் எடுத்தாயிற்றே, அது போதாதா என்பார் உளர். ஒளிப்படம் வேண்டுவதே, மிகத் துல்லியமாய் எடுத்து வைத்தல் அரசின் கடமை. ஆனால் ஒளிப்படம் காப்பது உருவத்தை. அவ்வுருவை எழுதும் திறம் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறினாலன்றி நிலைக்காது. ஏடு இருந்தும் பண் மறந்த பாடல்களைத் தமிழர் நிரம்ப உடையர். கணினியிடம் நான்கு சொல் சொன்னால் சித்தன்னவாசல் பாணியில் படம் வந்துவிடும் என்று இப்போது பெருமை பேசுவோரும் உளர். வந்துவிடும். அதனால் எந்தச் சிறுவனுடைய மணிக்கட்டும் ஒன்றும் கற்றுவிடாது.

பள்ளிகளின் நிலையோ இரங்கத்தக்கது. 2012இல் தமிழக அரசுப் பள்ளிகட்கு ஓவியம், உடற்பயிற்சி, தொழிற்கல்வி முதலியவற்றிற்குப் பகுதிநேர ஆசிரியராக அமர்த்தப்பட்டோர் பதினாறாயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர். கிழமைக்கு மூன்று அரைநாள் வேலைக்குச் சிறுதொகை ஊதியமாகக் குறிக்கப்பட்டது. ஓவியத்தை அரசு எவ்விடத்தில் வைத்துப் பார்த்தது என்பதை அந்த அரைநாட் கணக்கே காட்டும். ஓவிய வகுப்பு வேளையைக் கணக்காசிரியர் கடன் கேட்பதும், தலைமையாசிரியர் கொடுத்துவிடுவதும் எல்லாப் பள்ளியிலும் நிகழ்வனவே.

ஆயினும் செய்யத்தக்கது பெருஞ்செலவினது அன்று. பொய்கைக் காட்சியின் மூவரையும், தஞ்சைச் சுந்தரர் அவைக் காட்சியையும் முதலோவியத்தின் அளவிலேயே நன்கு அச்சிட்டு ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளிக்கும் அளிக்கலாம். ஓராண்டிற்கு ஓர் உருவம் போதும். முதலிற் கரித்துண்டால் புறக்கோடு. அது கைவந்தபின் செங்காவி, மஞ்சட்காவி, கரி, சுண்ண வெண்மை ஆகிய மண்ணிறங்களை மாணவரே குழைத்து நிரப்புதல். நிறம் உலர்ந்தபின் தூரிகையால் ஒரே இழுப்பில் முடிகோடு இடுதல். இம்மூன்றாம் படியில் பெரும்பாலோர் தாளைக் கெடுப்பர். கெடுக்கட்டும், சுண்ணத்தைவிடத் தாள் மலிவு. ஒப்புமைக்கு மட்டும் மதிப்பெண் இடலாகாது. முதற்படிக்கும் ஐந்தாம் படிக்கும் இடையில் கோடு எவ்வளவு உயிர் பெற்றதென்று பார்த்து இடுதல் வேண்டும். படியின் கீழே, எந்த ஊர்ச் சுவரில் உள்ளதைப் பார்த்து வரைந்தது என்பதையும் மாணவன் தன் கையால் எழுதவேண்டும். ஊர்ப்பெயர் எழுதாத படிதான் திருட்டு.

ஆசிரியர் ஒருவர்க்கு இதில் ஓர் ஐயம் எழக்கூடும். விதானத்தில் சுண்ணம் உதிர்ந்து கோடே போய்விட்ட இடத்தில் மாணவன் என் செய்வது? பொய்கையில் நிற்போரின் உருவிலும் மலர்க்கூட்டத்திலும் அத்தகைய இடங்கள் உண்டு. முதற்படியில் அவ்விடத்தை வெற்றிடமாகவே விட்டுவிடல் வேண்டும். ஏட்டிற் செல்லரித்த சீரைப் பதிப்பாசிரியர் புள்ளியிட்டுக் காட்டுவரேயன்றித் தாமே பாடி நிரப்புவதில்லை. அப்படி முடிந்தபின், வேறொரு தாளில் அதே உருவை மீண்டும் வரையச்செய்து, அறுந்த கோடு எவ்வழிச் சென்றிருக்கும் என அவனையே முடிக்கச் சொல்லலாம். எஞ்சிய தோளும் சாய்ந்த தலையும் அவனுக்கு வழி சொல்லும். நாற்பது மாணவர் இருப்பின் நாற்பது முடிவுகள் வரும். அவற்றை வகுப்புச் சுவரில் வரிசையாக ஒட்டி வைத்து, எக்கோடு இளங்கௌதமன் காலத்துக் கையோடு பொருந்துகின்றது, எது பொருந்தவில்லை, ஏன் என்று அவர்களுக்குள்ளேயே வழக்காடவிடல் வேண்டும்.